ஏ.எல் பிள்ளை இருக்கிற வீடு

கல்முனைப் பக்கத்தில் ஒரு பிள்ளை உயர்தரம் படிக்கத் தொடங்கியதும் அந்த வீட்டின் நடப்பே மாறிவிடுகிறது. கலியாண வீடுகளுக்கு உம்மாவும் வாப்பாவும் மாறி மாறித்தான் போவார்கள். தொலைக்காட்சிச் சத்தம் தணியும். சுபஹ் தொழுகைக்கு எழும்பும் வாப்பா பிள்ளையையும் எழுப்பி, தேத்தண்ணி குடிக்க வைத்து, புத்தகத்துக்கு முன் இருத்திவிட்டுத்தான் பள்ளிவாசலுக்குப் புறப்படுவார். ஏன் வரவில்லை என்று சொந்தக்காரர் கேட்டால் "ஏ.எல் பிள்ளை இருக்கே" என்ற பதில் போதும். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஏ4 நெடுஞ்சாலையை ஒட்டி நெருங்கிக் கிடக்கும் ஊர்கள் இவை. தறி, கடல், வயல், கடை, வெளிநாட்டுச் சம்பளம் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிழைப்பு இருக்கிறது. ஆனால் பிள்ளை அந்தப் பிழைப்பைத் தாண்டிப் போக வேண்டும் என்றால் எல்லா வீட்டுக்கும் தெரிந்த வாசல் ஒன்றுதான்: க.பொ.த. உயர்தரப் பரீட்சை. 12ஆம், 13ஆம் தரங்களில் மூன்று முதன்மைப் பாடங்களைப் படித்து, அவற்றோடு பொது ஆங்கிலமும் பொதுச் சாதாரணப் பரீட்சையும் எழுத வேண்டும். பிரித்தானியர் விட்டுப்போன பாடசாலை முறையின் கடைசிப் படி அது. இங்கிலாந்தில் 'சிக்ஸ்த் ஃபோர்ம்' என்று சொல்லப்படுவதும் இதே இரண்டு வருடங்கள்தான்.

இந்தக் கரையோரத்தில் அதற்கான பாடசாலைகளுக்குக் குறைவில்லை. கார்மேல் பற்றிமா கல்லூரியும், மெதடிஸ்த மிஷனரிமார் 1883இல் தொடங்கிய உவெஸ்லி உயர்தரப் பாடசாலையும் கல்முனையில் இருக்கின்றன. முஸ்லிம் பிள்ளைகளுக்கென்று கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பரின் முயற்சியால் 1949இல் சாஹிராக் கல்லூரி எழுந்தது. பெண் பிள்ளைகளுக்கு, முன்னாள் கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூதின் பெயர் தாங்கிய மஹ்மூத் மகளிர் கல்லூரி இருக்கிறது. மருதமுனை அல்-மனார், நிந்தவூர் அல்-அஷ்ரக், அக்கரைப்பற்று முஸ்லிம் மத்திய கல்லூரி என்று பட்டியல் தெற்கே நீள்கிறது. விஞ்ஞானப் பிரிவு நடத்தும் 1ஏபி தரப் பாடசாலைகளைத் தேடி, சுற்றுக் கிராமங்களிலிருந்து காலை பஸ்ஸில் வரும் பிள்ளைகளும் பலர்.

எந்தப் பிரிவு?

முதல் சிக்கல் பாடப் பிரிவைத் தெரிவதில் தொடங்குகிறது. பயோ, மெத்ஸ், கொமர்ஸ், ஆர்ட்ஸ் என்ற நான்கு பழைய பாதைகளோடு 2013இல் தொழினுட்பப் பிரிவும் சேர்ந்தது. சாதாரண தரப் பெறுபேறு நன்றாக இருந்தால் பயோ அல்லது மெத்ஸ், சுமாராக இருந்தால் கொமர்ஸ், மிச்சப் பேருக்கு ஆர்ட்ஸ் என்று ஊர் தன் பாட்டில் ஒரு வரிசை போட்டு வைத்திருக்கிறது. நானா டொக்டர் என்றால் தம்பியும் பயோ. கூட்டாளிமார் நால்வர் மெத்ஸ் எடுத்தால் ஐந்தாமவனும் மெத்ஸ். பிள்ளைக்கு எதில் ஆர்வம், எதில் திறமை என்ற கேள்விக்கு யாரும் வருவதற்குள் விண்ணப்பப் படிவம் நிரம்பிவிடுகிறது.

அவகாசமும் சுருங்கிவிட்டது. சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 2024இல் பரீட்சை முடிந்த கையோடு உயர்தர வகுப்புகளைத் தொடங்கும் முறையைக் கல்வி அமைச்சு கொண்டுவந்தது. வீணாகும் மாதங்களை மீட்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெறுபேறு தெரியாமலே பிரிவைத் தெரிந்து, பிறகு மாறிக்கொள்ளும் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல ஒரு பெரியவர் முன்னெப்போதையும் விட இப்போதுதான் தேவை.

புள்ளியும் வெட்டுப்புள்ளியும்

மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கு மருத்துவ பீடம் கிடைக்காமல் போவதும், அதே பெறுபேறு எடுத்த இன்னொரு மாவட்டப் பிள்ளைக்குக் கிடைப்பதும் பெற்றோருக்குப் புதிராக இருக்கும். காரணம் இரண்டு.

ஒன்று, 2001 முதல் நடைமுறையில் இருக்கும் இசட் புள்ளி. ஒரு பாடத்தில் பிள்ளை எத்தனை புள்ளி எடுத்தது என்பதோடு, அந்தப் பாடம் எழுதிய எல்லோருடைய சராசரியையும் விட எவ்வளவு முன்னே நிற்கிறது என்பதையும் அது அளக்கிறது. ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 15 என்று வைப்போம். அதில் 70 எடுத்தவரின் இசட் புள்ளி 2. வேறொரு பாடத்தின் சராசரி 60, நியம விலகல் 10 என்றால், அதே 70 எடுத்தவருக்கு 1தான் கிடைக்கும். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளுடைய சராசரியே கடைசிக் கணக்கு.

மற்றது மாவட்ட ஒதுக்கீடு. பெரும்பாலான கற்கை நெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் தகுதி வரிசைப்படி போகின்றன. 55 வீதம் சனத்தொகைக்கு ஏற்ப மாவட்டங்களுக்குப் பிரிக்கப்படுகிறது. மிச்ச 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக வழங்கப்படுகிறது. அந்தப் பதினாறில் கல்முனை இருக்கும் அம்பாறையும் ஒன்று. ஆகவே கல்முனைப் பிள்ளை கொழும்புப் பிள்ளையோடு மட்டும் போட்டியிடவில்லை. சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், அம்பாறை நகரம், மஹாஓயா என்று தன் மாவட்டத்துப் பிள்ளைகளோடும் போட்டியிடுகிறது. இந்தக் கணக்கு 12ஆம் தரத்திலேயே தெரிந்திருந்தால், எந்த நெறியின் வெட்டுப்புள்ளிக்கு, அதாவது அதற்குள் நுழையத் தேவையான குறைந்தபட்ச இசட் புள்ளிக்கு, எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று பிள்ளை தானே அளந்துகொள்ளும். பலருக்கு இது பெறுபேறு வந்த பிறகுதான் விளங்குகிறது.

ரியூசன், செமினார், ஸகாத்

பாடசாலை விட்டதும் ரியூசன். வெள்ளியில் ஜும்ஆவுக்குப் பிறகு ரியூசன். சனியும் ஞாயிறும் முழு நாள். பேர்பெற்ற பௌதிகவியல் சேரின் வகுப்புக்கு நாலைந்து ஊர்ப் பிள்ளைகள் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் வந்து கூடுவார்கள். பாடசாலை வரவு 80 வீதம் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தும், 13ஆம் தரத்தின் கடைசி மாதங்களில் வாங்குகள் வெறுமையாகிவிடுகின்றன. பாடசாலையில் கிடைக்காதது ரியூசனில் கிடைக்கிறது என்று பிள்ளை நம்புகிறது. ஆனால் பிள்ளையின் முகம் வாடினால் கவனிப்பதற்கு வகுப்பாசிரியர் ஒருவர் பாடசாலையில் இருக்கிறார். நூற்றுக்கணக்கானோர் இருக்கும் மண்டபத்தில் அதற்கு வழியில்லை.

செலவும் பெரிது. 1945இல் அப்போதைய கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியால் உயர்தரத்துக்கும் வகுப்புக் கட்டணம் இல்லை. ஆனால் அரசின் இலவசப் பாடநூல் 11ஆம் தரத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு கைநூல், குறிப்பு, கடந்தகால வினாத்தாள் தொகுப்பு, ரியூசன் பணம் எல்லாம் வீட்டின் தலையில். ஒரு மீனவரின் வீட்டிலோ மருதமுனை நெசவாளி வீட்டிலோ மூன்று பாடத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுவது எப்படிப்பட்ட பாரம் என்று அந்த வீட்டாருக்குத்தான் தெரியும்.

பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022இல், வறுமைப்பட்ட உயர்தர மாணவருக்கு மாதம் 5000 ரூபாய் புலமைப்பரிசிலை ஜனாதிபதி நிதியம் அறிவித்தது. கல்வி வலயம் ஒன்றுக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கியதால் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வலயங்களுக்கும் அதில் பங்கு கிடைத்தது. ஊருக்குள்ளேயும் கைகள் நீளுகின்றன. ஸகாத் பணத்தில் பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு பகுதியை ஒதுக்கும் ஜமாஅத்துகள் உண்டு. கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் பழைய மாணவர்கள் வகுப்பறைக்கு மின்விசிறியும் நிழற்பிரதி இயந்திரமும் வாங்கிக் கொடுப்பார்கள். பரீட்சை நெருங்கும்போது, பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் ஊருக்கு வந்து இலவசமாக செமினார் நடத்துவார்கள். முந்திய வருடம் இதே வாங்கில் இருந்த ஒருவர் கரும்பலகைக்கு முன் நிற்பதைப் பார்ப்பதே பிள்ளைக்குத் தெம்பு.

மாரியில் வந்த பரீட்சை

நீண்ட காலம் உயர்தரப் பரீட்சை ஆகஸ்ட் மாதத்தில் நடந்தது. கிழக்குக் கரையில் அது வெயில் காலம். கொவிட் தொற்றும் பொருளாதார நெருக்கடியும் நாட்காட்டியைக் குலைத்தபின், பரீட்சை தள்ளித் தள்ளி வடகீழ்ப் பருவமழைக் காலத்துக்குள் வந்து விழுந்தது. கல்முனைக்கு மேற்கே வயல்வெளியும் ஆறும், கிழக்கே கடல். மழை கொட்டினால் இடையில் இருக்கும் ஊரிலிருந்து தண்ணீர் வடிய நாளெடுக்கும்.

2024 பரீட்சை நவம்பர் 25ஆம் தேதி தொடங்கியது. மறுநாள், நிந்தவூர் மத்ரஸா ஒன்றிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை மாவடிப்பள்ளியில் வெள்ளம் அடித்துச் சென்றது. பிள்ளைகளின் ஜனாஸாக்களைத் தேடி எடுத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் இப்பகுதியில் யாருக்கும் படிப்பு ஓடவில்லை. பரீட்சை இடைநிறுத்தப்பட்டு டிசம்பர் 4ஆம் தேதிதான் மீண்டும் தொடங்கியது. அடுத்த வருடமும் அப்படியே: 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்து, எஞ்சிய பாடங்களை 2026 ஜனவரிக்குத் தள்ளியது. நாடு முழுக்க ஒரே நாளில் எழுத வேண்டிய பரீட்சைக்குத் தேதி குறிக்கும்போது கிழக்கின் மாரியையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அதுவரை, தாழ்ந்த இடங்களில் இருக்கும் பிள்ளைகளைப் பரீட்சை மண்டபத்துக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டிலோ பாடசாலையிலோ தங்கவைக்கும் ஏற்பாட்டை ஒவ்வொரு பாடசாலையும் ஒக்டோபரிலேயே செய்து வைக்கலாம்.

பெறுபேறு வந்த மறுநாள்

2024 பரீட்சையில் நாடு முழுவதும் சுமார் 177,500 பேர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி பெற்றார்கள். எழுதியவர்களில் அது 64 வீதத்துக்குச் சற்று மேல். அரச பல்கலைக்கழகங்கள் ஒரு வருடத்தில் எடுப்பது ஏறத்தாழ 40,000 முதல் 45,000 பேரைத்தான். அதாவது தகுதி பெற்ற நால்வரில் ஒருவருக்கே இடம். பெறுபேறு வந்த மறுநாள் பதாகையில் படம் ஏறுவது அந்த ஒருவருடையது. மற்ற மூவரும், தகுதியே பெறாதவர்களும், வீட்டுக்குள் இருக்கிறார்கள்.

மூன்று முறை எழுதலாம் என்பதால் பலர் 'செகண்ட் ஷை', 'தேர்ட் ஷை' என்று தொடருகிறார்கள். இந்த இடத்தில்தான் பிள்ளை பாடசாலையின் கையை விட்டு நழுவுகிறது. சீருடை இல்லை, வகுப்பாசிரியர் இல்லை, தவணைப் பரீட்சை இல்லை. ரியூசனும் வீடும் மட்டும். அக்கம்பக்கத்தார் "என்ன மகன், ரிசல்ட் எப்படி?" என்று கேட்பார்களே என்று தெருவில் இறங்கத் தயங்கும் பிள்ளைகள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். தூக்கம் கெடுவதும் சாப்பாடு குறைவதும் யாரோடும் பேசாமல் இருப்பதும் சோம்பல் என்று திட்டித் தீர்க்கும் விஷயங்களில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த வீட்டிலிருந்தும் அழைக்கலாம். பாடசாலைகளில் வழிகாட்டல், ஆலோசனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் முழு நேரப் பாடமும் எடுத்துக்கொண்டு, கிடைக்கும் இடைவேளையில்தான் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள்.

இங்கிலாந்தில் இதே வயதுப் பிள்ளைக்குப் பாடசாலையில் பொறுப்பாசிரியர் ஒருவர் இருப்பார். பல்கலைக்கழக விண்ணப்பத்தை எழுத உதவி கிடைக்கும். அரச பராமரிப்பில் வளரும் பிள்ளைக்கு வருடத்துக்கு 1,200 பவுண் வரை உதவித்தொகையும் உண்டு. கல்முனையில் அத்தனை பணம் இல்லை. ஆனால் அதில் பாதி வேலையைச் செய்வதற்கான ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

1990களில் இனவன்முறையால் முஸ்லிம் மாணவர்கள் வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாமல் நின்றபோது, அப்போதைய அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1995இல் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று தொடங்கியது. 1996இல் அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, இன்று ஒலுவிலில் நிற்கிறது. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. இந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களில் ஒவ்வொரு பாடப் பிரிவுக்கும் சிலரை அழைத்து, 12ஆம் தரத்தின் முதல் தவணையிலேயே பெற்றோரோடு இருத்திப் பேசவைப்பதற்குப் பெரிய செலவில்லை. அந்தக் கூட்டத்துக்கு அட்டாளைச்சேனை தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெறும் ஒருவரும், சம்மாந்துறை உயர் தொழினுட்ப நிறுவனத்தில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கும் ஒருவரும் வரவேண்டும். 2017இல் தொடங்கிய 13 வருடக் கல்வித் திட்டத்தின்படி, சாதாரண தரத்தில் சறுக்கிய பிள்ளையும் தொழில்சார் பாடங்களோடு பாடசாலையில் தொடரலாம் என்பதையும் அங்கே சொல்ல வேண்டும்.

பழைய மாணவர் சங்கங்கள் இப்போது பெறுபேறு வந்ததும் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் போகப்போகிறவர்களைப் பாராட்டி விழா எடுக்கின்றன. அந்த விழா நடக்கட்டும். அதே வாரத்தில், வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளைகளையும் அவர்களுடைய உம்மா வாப்பாவையும் அதே மண்டபத்துக்கு அழைத்து, அடுத்த விண்ணப்பத் தேதிகளைக் கையில் கொடுத்து, படிவத்தை நிரப்பவும் உதவினால், இரண்டு வருடமாக அந்த வீடுகள் பட்ட பாட்டுக்குப் பாடசாலை செய்யும் கைமாறாக அது இருக்கும்.