இன்னும் கொஞ்சம் எரியுமா இந்த ஃபயர்ப்ளேஸ்?

டிசம்பர் பிறந்தால் ஊட்டி, கொடைக்கானல் ஹோம்ஸ்டே விளம்பரங்களில் தவறாமல் ஒரு படம் வரும். செங்கல் வைத்துக் கட்டிய ஃபயர்ப்ளேஸ், கொழுந்துவிட்டு எரியும் கட்டைகள், எதிரே கம்பளிக்குள் சுருண்டபடி காபி குடிக்கும் ஜோடி. போய் இறங்கினால் நிலவரமே வேறு. ஈரச் சீகைக் கட்டை முனையில் நுரை தள்ளிக்கொண்டு 'உஸ்ஸ்' என்று அழும். புகை வெளியே போவதா, உள்ளே வருவதா என்று யோசிக்கும். முகம் வேகும், முதுகு விறைக்கும். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, குடும்பத்தில் யாராவது ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுவார்: "இதை இன்னும் பவர்ஃபுல்லா ஆக்கிக் காட்டட்டுமா?"

ஆபத்தும் வேடிக்கையும் சேர்ந்தே ஆரம்பிப்பது அங்கேதான்.

முதல் யோசனை எப்போதும் டேபிள் ஃபேன். காற்று பட்டதும் நெருப்பு ஜோராக எழும், சந்தேகமில்லை. கூடவே சாம்பலும் எழுந்து சோபா, சுவெட்டர், மாமியாரின் தலைமுடி என்று பேதமில்லாமல் படியும். அடுத்தவர் ஹேர் டிரையரோடு வருவார். மூன்றாமவர் வேக்குவம் கிளீனரைத் திருப்பிப் போட்டு ஊதச் சொல்வார். அவசரத்தில் அது ஊதாமல் உறிஞ்சிவிட்டால் தணல் நேராகத் தூசிப் பைக்குள் போய்விடும். அப்புறம் அறையில் இரண்டு ஃபயர்ப்ளேஸ். பின்சுவரில் அலுமினியத் தாளை ஒட்டி வெப்பத்தைத் திருப்பி அனுப்பலாம் என்பது பொறியியல் படித்த மருமகனின் பங்களிப்பு. யோசனை தப்பில்லை. ஆனால் அலுமினியம் 660 டிகிரியில் உருகும். நல்ல தணலுக்கு அது எட்டாத சூடு அல்ல. அந்தக் காலத்து ஐரோப்பிய வீடுகளில் இதே வேலைக்குக் கனமான வார்ப்பிரும்புத் தகட்டைப் பின்னால் சார்த்தி வைத்தார்கள்.

இந்தப் போட்டியில் முதல் பரிசு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகப் பொறியாளருக்கு. பார்பிக்யூ அடுப்பில் மரக்கரி பற்ற நேரமாகிறதே என்று அவர் திரவ ஆக்சிஜனை ஊற்றினார். மூன்றே விநாடியில் அடுப்பு தயார். 1996-ல் வேதியியலுக்கான 'இக் நோபல்' என்ற கிண்டல் பரிசை அவருக்குக் கொடுத்தார்கள். மலிவு விலை அடுப்பு ஒன்றில் செய்து பார்த்தபோது கரியோடு அடுப்பும் போய்விட்டது.

இத்தனை கூத்துக்கும் காரணம், நெருப்பு சின்னதாக இருப்பதால்தான் குளிர்கிறது என்ற எண்ணம். உண்மையில் திறந்த ஃபயர்ப்ளேஸில் எரியும் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அறையில் தங்கினாலே பெரிய விஷயம். மீதி புகைபோக்கி வழியாக மேகத்துக்குப் போகிறது. போகும்போது அறையிலிருந்த வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. போன காற்றுக்குப் பதில் ஜன்னல் இடுக்கிலும் கதவடியிலும் பனிக்காற்று நுழைகிறது. நெருப்பைப் பெரிதாக்கினால் இழுப்பும் பெரிதாகும். பக்கத்து அறையில் தூங்குகிற பாட்டிக்கு நடுக்கம்தான் கூடும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1740-களில் இரும்பு அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். காப்புரிமை தருகிறோம் என்று வந்தபோது வேண்டாம் என்றார். புகையைக் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றும் அமைப்பு அது. நெருப்பு கொஞ்சம் தணிந்தாலும் புகை வீட்டுக்குள் திரும்பிவிடும். மற்றவர்கள் திருத்திய பிறகுதான் ஊர் முழுக்கப் பரவியது. என் ஓட்டு ரம்ஃபோர்டு பிரபுவுக்கு. பீரங்கி துளைக்கும்போது எழும் சூட்டை வைத்து வெப்பம் என்பதே அசைவுதான் என்று வாதிட்ட அதே ஆசாமி. 1796-ல் புகைபோக்கிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், தன் கையால் ஐந்நூறுக்குக் குறையாதவற்றைச் சரிசெய்ததாகச் சொல்கிறார். அவர் நெருப்பைத் தொடவே இல்லை. அடுப்பின் ஆழத்தைக் குறைத்தார், பக்கச் சுவர்களைச் சாய்வாக விரித்தார், புகை ஏறும் தொண்டையை நாலு அங்குலம் அளவுக்குக் குறுக்கினார். புகை ஒழுங்காக மேலே போனது, சூடு அறைக்குள் வந்தது. ஜேன் ஆஸ்டின் நாவலிலேயே ஒரு 'ரம்ஃபோர்டு' வரும், அவ்வளவு பிரபலம். (ரம்ஃபோர்டின் இல்லற வாழ்க்கை அத்தனை கதகதப்பாக இல்லை. சண்டையில் மனைவி அவருடைய பூச்செடிகளில் வெந்நீரை ஊற்றிவிட்டார்.)

நம் மலை ஊர்களில் இன்னும் எளிய வைத்தியம் உண்டு: காய்ந்த விறகு. புதிதாக வெட்டிய கட்டையில் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கும். அதை ஆவியாக்குவதிலேயே நெருப்பு களைத்துவிடும். போதாததற்கு ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. நெருப்பு மந்தமாகத்தான் பிடிக்கும். உடனே மண்ணெண்ணெய், பெட்ரோல் என்று தேடிப் போகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

'விருந்தாளிகள் அழகுக்குத்தானே கேட்கிறார்கள், சூட்டுக்கு ஹீட்டர் இருக்கிறதே' என்று ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் சொல்வார்கள். நியாயம்தான். வெறும் அழகு போதுமென்றால் 1966-லேயே நியூயார்க்கில் ஒரு தொலைக்காட்சி வழி காட்டிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் எரியும் கட்டையை மட்டும் மணிக்கணக்கில் ஒளிபரப்பினார்கள். அதைப் படமெடுக்கத் தடுப்புத் திரையை அகற்றியபோது பொறி பறந்து, மேயர் மாளிகையின் விலையுயர்ந்த கம்பளம் கருகியது தனிக் கதை.

எனக்குக் கவலை கம்பளத்தைப் பற்றி இல்லை. ஃபயர்ப்ளேஸ் சூடு போதவில்லை என்றதும் நம்மவர்கள் செய்கிற கடைசிக் காரியம் ஒன்று இருக்கிறது. அதில் சிரிக்க எதுவும் இல்லை. ராத்திரி பார்பிக்யூ போட்டு முடித்த கரியைச் சட்டியோடு தூக்கி வந்து படுக்கையறையில் வைத்து, குளிர் வராமல் கதவு ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டுப் படுப்பது. புகை இல்லை, வாடை இல்லை, பார்க்க இதமான சிவப்பு. அது கக்குவது கார்பன் மோனாக்சைடு. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அசதி. மலைப்பாதை வளைவுகளில் வந்த களைப்பு என்று நினைத்துத் தூங்கிவிடுகிறார்கள். மலைக்குச் சுற்றுலா போன இளைஞர்கள் அறைக்குள் கரி மூட்டி, காலையில் எழுந்திருக்காமலே போன செய்திகளை நாம் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம்.

ஃபயர்ப்ளேஸும் இதிலிருந்து தப்பியதல்ல. வருஷக்கணக்கில் மூட்டாத புகைபோக்கியில் பறவைக் கூடு அடைத்திருக்கும். மழைக்குப் பயந்து மேலே தகரம் போட்டு மூடியிருப்பார்கள். அறையை இறுக மூடி, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டால் வீட்டுக்குள் அழுத்தம் குறைந்து, மேலே போக வேண்டியது கீழே இறங்கும். உள்சுவரில் தார் போலப் படியும் கரி என்றைக்காவது பற்றிக்கொண்டால் புகைபோக்கியே எரியும். ஹேர் டிரையர் போட்டு ஊதுகிறவருக்கு அதையும் யாராவது சொல்ல வேண்டும்.

இந்தக் குளிர்காலத்துக்கு அறை பதிவு செய்கிறவர்கள் வைஃபை உண்டா என்று கேட்கும் அதே மூச்சில் இதையும் கேளுங்கள்: சிம்னியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள்? கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? புகை அலாரம் வேறு, இது வேறு. உள்ளங்கை அளவுதான், ஆன்லைனில் கிடைக்கிறது, பையில் போட்டு எடுத்துப் போகலாம். கரிச்சட்டியை எக்காரணம் கொண்டும் அறைக்குள் கொண்டு போகாதீர்கள். ஒரே அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் தலை வலித்தால் மாத்திரை தேடாமல் எல்லோரையும் வெளியே இழுத்து வந்துவிட்டு 108-ஐ அழையுங்கள். குளிருக்கு இன்னொரு கம்பளி கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.