மின்னஞ்சல் சந்தைப்படுத்தலில் எழுத்தின் பங்கு

மின்னஞ்சல் சந்தைப்படுத்தல் என்பது ஒரு நிறுவனமோ அமைப்போ தன் பட்டியலில் உள்ளவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பொருள் வாங்கவோ நன்கொடை தரவோ அழைப்பதாகும். 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனைச் சேர்ந்த கேரி தர்க், அர்பாநெட் வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு அனுப்பிய விளம்பர மடல் இதன் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. பெற்றவர்களில் பலர் அன்றே எரிச்சலடைந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மடலைத் திறக்கும் முன்பே படிப்பவர் பாதி முடிவெடுத்துவிடுகிறார். அவர் கண்ணில் படுவன அனுப்புநர் பெயர், பொருள் வரி, அதையடுத்து மங்கலாகத் தெரியும் மடலின் முதல் சில சொற்கள். கைபேசியில் பொருள் வரியின் தொடக்கம் மட்டுமே தெரியும். எனவே முக்கியமான சொல் முன்னால் வர வேண்டும். மடலின் முதல் வரியில் "சரியாகத் தெரியவில்லையா? இங்கே சொடுக்கவும்" என்று எழுதுவது கிடைத்த இடத்தை வீணாக்குவதாகும்.

எந்த வரி பலன் தரும் என்பதை எழுதியவரால் முன்கூட்டிச் சொல்ல முடியுமா? 2012 அமெரிக்க அதிபர் தேர்தலில் பராக் ஒபாமாவின் பரப்புரைக் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரு நன்கொடை மடலுக்கு 18 வடிவங்கள் வரை எழுதி, ஆதரவாளர்களில் சிறு பிரிவுகளுக்கு முதலில் அனுப்பினர். அதிகப் பணம் ஈட்டிய வடிவமே மற்ற அனைவருக்கும் சென்றது. அவ்வாண்டு ஜூனில், எதிரணி தன்னைவிட அதிகம் செலவழிக்கப் போகிறது என்று ஒபாமாவே சொல்வதுபோல் அமைந்த பொருள் வரி 26 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. அதே சோதனையில் கடைசியாக வந்த, கருத்துக்கணிப்பைப் பற்றிய வரியை அனுப்பியிருந்தால் சுமார் 4 லட்சம் டாலரே வந்திருக்கும் என்பது குழுவின் கணக்கு. நண்பரை அழைப்பதுபோன்ற "ஹே" என்ற ஒற்றைச் சொல்லும் பெரும் வெற்றி பெற்றது. எது வெல்லும் என்று குழுவினரே ஊகித்தபோது பெரும்பாலும் தவறினர். வென்ற உத்தியும் சில முறைக்குப் பின் மங்கிவிட்டதால் சோதனையை நிறுத்த முடியவில்லை.

உள்ளடக்கத்துக்கு விதிகள் குறைவு. ஒருவருக்கு எழுதுவதுபோல் எழுத வேண்டும்; ஒரு மடலில் ஒரு வேண்டுகோள் போதும். பொத்தானில் "சமர்ப்பி" என்பதைவிட "என் இருக்கையைப் பதிவு செய்" என்பது தெளிவானது.

ஏமாற்றும் பொருள் வரி தனி வகை. எழுதாத கடிதத்துக்குப் பதில் வந்ததுபோல் தொடங்கும் வரி ஒருமுறை திறக்க வைக்கும். அடுத்த முறை அந்த முகவரியே குப்பை அஞ்சலுக்குப் போகும். பொருள் வரியில் ஏமாற்றுவதை அமெரிக்காவின் 2003 கேன்-ஸ்பேம் சட்டம் தடை செய்கிறது.

2021 முதல் ஆப்பிளின் மெயில் செயலி, பயனர் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியிருந்தால், மடலில் உள்ள படங்களைத் தானே முன்கூட்டித் தரவிறக்கிவிடுகிறது. படிக்காத மடலும் திறக்கப்பட்டதாகவே கணக்கில் ஏறுவதால், இரண்டு வடிவங்களை ஒப்பிடும்போது சொடுக்குகளையும் பதில்களையும் எண்ணுவதே நம்பகமானது.