அருவி காக்கும் ஓடைகள்

நுழையும்முன்

ஆறு ஊர்களை இணைப்பது போலவே உயிர்களையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு சேர்க்கிறது. நீரில் விடப்படும் அயல் உயிரினம் விட்ட இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. அதனைக் கண்டறிவது எவ்வாறு? கட்டுப்படுத்துவது எவ்வாறு? எல்லாவற்றிற்கும் மேலாக, வராமல் தடுப்பது எவ்வாறு? கொல்லிமலையின் ஓடைகளை முன்வைத்து இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

கொல்லியும் ஐயாறும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ளது கொல்லிமலை. வல்வில் ஓரியின் நாடாகச் சங்க இலக்கியம் போற்றும் இம்மலை, ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்பில், 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கிறது. சமவெளியிலிருந்து மேலேறும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்கிறது. மிளகும் காபியும் விளையும் சரிவுகளுக்கும், சாமையும் கேழ்வரகும் விளையும் கொல்லைகளுக்கும் இடையே சிற்றோடைகள் பல ஓடுகின்றன. அவை கூடி ஐயாறாகி, அறப்பளீசுவரர் கோயிலை அடுத்துச் சென்று, ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கை அருவியாக வீழ்கின்றன. அந்நீர் புளியஞ்சோலை வழியாகத் திருச்சிராப்பள்ளி மாவட்டச் சமவெளியில் இறங்கிக் காவிரியை நோக்கிச் செல்கிறது.

அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டிய ஆற்றின் மீன்களை இறைவனுக்கு உரியனவாக மக்கள் கருதுகின்றனர். அவற்றைப் பிடிக்காமல் உணவிட்டு வணங்குவது அங்குள்ள மரபு. நீரில் வாழும் சிற்றுயிரும் காக்கத்தக்கதே என்னும் அறத்தை இம்மரபு உணர்த்துகிறது. ஆனால், இக்காலம் மற்றொரு வினாவை எழுப்புகிறது. வேற்று நாட்டு மீன் ஒன்றைக் கருணையினாலோ கவனமின்மையாலோ யாரேனும் இவ்வோடையில் விட்டால், இதுவரை காக்கப்பட்ட மீன்களின் நிலை என்னாகும்?

ஓர் உயிரினம் தான் தோன்றிய இடத்திலிருந்து மனிதரால் வேறிடத்திற்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே பெருகி, அம்மண்ணுக்குரிய உயிர்களுக்குக் கேடு விளைவிக்குமானால் அதனை 'அயல் ஊடுருவல் உயிரினம்' என்பர். இத்தகைய ஓர் உயிரினம் நீர்வழியில் பரவினால் என்ன நேரும் என்பதையும், அதனைத் தடுக்க என்ன செய்யலாம் என்பதையும் உலகுக்குத் தெளிவாகக் காட்டியது பிரிட்டன் நாட்டில் பரவிய மிங்க் என்னும் விலங்கின் வரலாறு.

தோலுக்காக வந்த விலங்கு

மிங்க், நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய ஊனுண்ணி. நீண்டு மெலிந்த உடலும் அடர்ந்த பழுப்பு நிற மயிரும் உடையது. வட அமெரிக்காவுக்கு உரிய இவ்விலங்கு, ஆடைக்கான தோலின் பொருட்டு 1929ஆம் ஆண்டில் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டுப் பண்ணைகளில் வளர்க்கப்பட்டது. பண்ணைகளிலிருந்து தப்பியவையும் விடுவிக்கப்பட்டவையும் ஆற்றோரங்களில் குடியேறின. அவை காட்டு நிலையில் இனப்பெருக்கம் செய்வது 1956ஆம் ஆண்டில் டெவன் பகுதியில் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது.

பேரழிவுக்கு உள்ளானது ஆற்றங்கரை வளைகளில் வாழும் நீரெலி. பகை விலங்கு துரத்தினால் நீரில் பாய்ந்தும் வளைக்குள் ஒளிந்தும் அது தப்பி வந்தது. மிங்க்கோ நீந்தவும் வல்லது. பெண் மிங்க் நீரெலியின் வளைக்குள்ளேயே நுழையும் அளவுக்கு ஒடுங்கிய உடலையும் உடையது. பன்னெடுங்காலம் நீரெலியைக் காத்த இரு வழிகளும் ஒருங்கே அடைபட்டன. வாழிட இழப்பும் உடன் சேர, இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் பிரிட்டனின் நீரெலிகளுள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அழிந்தன.

இதில் மிங்க்கின் குற்றம் ஏதுமில்லை. அது தன் இயல்பின்படியே வாழ்ந்தது. தன் இடத்தில் அது உணவுச் சங்கிலியின் ஒரு கண்ணி. வேறிடத்தில் அதுவே சங்கிலியை அறுக்கும் கருவியாயிற்று. பிழை, கொண்டுவந்த கைகளினுடையது.

சுவடு சொல்லும் செய்தி

மிங்க்கைப் பிடிக்கத் தொடக்கத்தில் ஆற்றங்கரை நெடுகப் பொறிகள் வைக்கப்பட்டன. எங்கே இருக்கிறது என்று அறியாமல் வைத்த பொறிகள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன. ஆயினும், ஒவ்வொன்றையும் நாள்தோறும் சென்று பார்க்க வேண்டியிருந்தது. உழைப்பு மிகுந்தது, பயன் குறைந்தது.

இச்சிக்கலுக்கு ஆய்வாளர்கள் கண்ட தீர்வு மிக எளிது. நீரில் மிதக்கும் சிறிய தெப்பம் ஒன்றை அமைத்தனர். அதன்மேல் சுரங்கம் போன்ற ஒரு கூடு. கூட்டின் தரையில் களிமண்ணும் மணலும் கலந்த ஈரமான தட்டு. ஆற்றோரம் திரியும் மிங்க் இயல்பாகவே பொந்துகளுள் நுழைந்து பார்க்கும். தெப்பத்தின் கூட்டிலும் அவ்வாறு நுழையும்போது ஈரக் களிமண்ணில் அதன் காலடி பதிந்துவிடும். ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை சென்று தட்டைப் பார்த்தால் போதும். சுவடு தென்பட்ட இடத்தில் மட்டும், அதே கூட்டுக்குள் உயிருடன் பிடிக்கும் பொறி வைக்கப்படும். முதலில் கண்டறிதல், பிறகு பிடித்தல் என்னும் இம்முறை வீண் உழைப்பைக் குறைத்தது.

இம்முறையில் மற்றொரு நன்மையும் உண்டு. மிங்க் வாழும் அதே ஆற்றில் அந்நாட்டுக்கே உரிய நீர்நாயும் வாழ்கிறது. பொறியில் நீர்நாய் அகப்பட்டால், காக்க வேண்டிய உயிருக்கே கேடு நேரும். எனவே, மிங்க் மட்டும் நுழையும்படியும் நீர்நாய் நுழையாதபடியும் பொறியின் வாயில் குறுக்கப்பட்டது. அயல் உயிரைக் கட்டுப்படுத்த முனைவோர் முதலில் தம் மண்ணின் உயிரை அடையாளம் அறிந்திருக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி

ஓரிடத்தில் மிங்க்கை முற்றிலும் நீக்கினாலும், அடுத்த பருவத்தில் இளம் விலங்குகள் தொலைவிலிருந்து நீர்வழியே வந்து அவ்விடத்தை நிரப்பிவிடும். ஆகவே, சிறு பகுதிகளில் தனித்தனியே செய்யும் முயற்சி நிலைப்பதில்லை. ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம் மலைப்பகுதியில் இதற்கு வேறொரு வழி கையாளப்பட்டது. ஆறுகள் பிறக்கும் மேட்டு நிலத்தில் பணியைத் தொடங்கி, கீழ்நோக்கிக் கடற்கரை வரை படிப்படியாக விரிவுபடுத்தினர். உழவர்கள், ஆற்றுக் காவலர்கள், ஊர்மக்கள் என நூற்றுக்கும் மேற்பட்டோர் தத்தம் பகுதித் தெப்பங்களைக் கண்காணித்தனர். ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மிங்க் பெருகுவது தடுக்கப்பட்டது.

ஆற்றின் தலையைக் காத்தால் ஆறு முழுவதையும் காப்பது எளிதாகும் என்பது இம்முயற்சி தரும் பாடம். ஐயாற்றின் தலை கொல்லிமலையில் உள்ளது.

தெரிந்து தெளிவோம்

நீர்நாய் தமிழிலக்கியத்திற்குப் பழகிய விலங்கு. அது வாளை மீனை இரையாகக் கொள்ளும் காட்சியைச் சங்கப் புலவர்கள் பாடியுள்ளனர். இந்தியாவில் மூவகை நீர்நாய்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று காவிரி ஆற்றில் இன்றும் கூட்டமாக மீன்பிடிக்கக் காணலாம். மிங்க் இந்தியக் காடுகளில் இல்லை. ஆற்றோரத்தில் அதனை ஒத்த விலங்கைக் கண்டால், அது காக்கப்பட வேண்டிய நம் நீர்நாயாகவோ கீரியாகவோ இருக்கும்.

நம் நீரில் அயலார்

தமிழகத்தின் நீர்நிலைகளில் மிங்க் இல்லாவிடினும் அயல் உயிர்கள் இல்லாமல் இல்லை. அவற்றுள் பல நன்மை கருதியே கொண்டுவரப்பட்டவை. கொசுப்புழுக்களை உண்ணும் என்று கம்பூசியா மீன் 1928ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்தது. சாதாக் கெண்டை 1939ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து உதகைக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று ஏரிதோறும் காணப்படும் ஜிலேபிக் கெண்டை எனும் திலேப்பியா, ஆப்பிரிக்காவிற்கு உரியது. 1952ஆம் ஆண்டில் இந்தியாவை அடைந்தது. இம்மீன் தன் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். ஆண்டில் பலமுறை இனம் பெருக்கும். எனவே, நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் அது விரைந்து கைப்பற்றியது.

ஆப்பிரிக்கக் கெளுத்தியின் நிலை இன்னும் கடுமையானது. இது பிற மீன்களை விழுங்கும். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். சேறு கலங்கிய குட்டையிலும் உயிர்வாழும். ஈரமான இரவுகளில் தரைமீது ஊர்ந்து அடுத்த நீர்நிலைக்கும் செல்லும். இதனை வளர்ப்பதற்கு இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் தடை விதிக்கப்பட்டது. ஆயினும், மறைவாக வளர்க்கும் குளங்களிலிருந்து வெள்ளக் காலங்களில் இது வெளியேறுகிறது.

அழகு மீனாக வந்து ஏரிகளைச் சேர்ந்தது மற்றொன்று. கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்று தூய்மை செய்யும் என வாங்கப்படும் தொட்டி மீன் தென் அமெரிக்காவிற்கு உரியது. அது வளர்ந்து தொட்டிக்குள் அடங்காதபோது, கொல்ல மனமின்றி அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுகின்றனர். கவசம் போன்ற செதில்களையும் முள் துடுப்புகளையும் உடைய அது மீனவரின் வலைகளைக் கிழிக்கிறது. கரைகளில் வளை தோண்டி மண்ணைச் சரிக்கிறது.

பல்லுயிர் குறித்த அரசுகளுக்கிடையேயான அறிவியல்-கொள்கை மேடை 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, மனிதச் செயல்களால் உலகெங்கும் 37,000க்கும் மேற்பட்ட அயல் உயிரினங்கள் புதிய இடங்களை அடைந்துள்ளன. அவற்றுள் கேடு விளைவிப்பவை 3,500க்கும் மேற்பட்டவை.

உறவா? அயலா?

கண்டறிவதில் முதல் தடை தோற்ற ஒற்றுமை. மலையோடைகளில் வாழும் கல்லொட்டி மீன்கள், தாடையின் அடியிலுள்ள ஒட்டுறுப்பால் பாறையைப் பற்றிக்கொண்டு வேகமான நீரோட்டத்திலும் நிலைத்து நிற்கின்றன. தொட்டி மீனும் தன் வாயால் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஒட்டிக்கொள்ளும் மீன் எல்லாம் அயல் மீன் என்று எண்ணி ஒருவர் ஓடையைத் துழாவினால், மண்ணின் மீனே அழியும். செதில், துடுப்பு, மீசை, நிறம் ஆகியவற்றை நோக்கிப் பழகிய கண்ணே வேறுபாட்டை அறியும். அக்கண் மலைவாழ் மக்களிடமும் மீனவரிடமும் இயல்பாகவே உண்டு.

கண்ணுக்குத் தெரியாத உயிரையும் இன்று அறிவியல் கண்டறிகிறது. நீரில் வாழும் ஒவ்வோர் உயிரும் தன் செதிலிலிருந்தும் கழிவிலிருந்தும் மரபணுத் துகள்களை நீரில் விட்டுச் செல்கிறது. நீரை நுண்வடிகட்டியில் வடித்து, எஞ்சியவற்றை ஆய்வகத்தில் பகுத்தால், அந்த மரபணுக்கள் எவ்வுயிருக்கு உரியவை என அறியலாம். களிமண் தட்டில் பதிந்த காலடியைப் போல, நீரிலேயே பதிந்த சுவடு இது.

கட்டுப்படுத்துவதற்கு எளிய வழி ஏதும் இல்லை. நஞ்சிட்டால் நாட்டு மீன்களும் சேர்ந்து மாயும். குட்டையாயின் நீரை வடித்து அயல் மீனைப் பிரிக்கலாம். ஓடும் ஆற்றில் அது இயலாது. வலையிட்டுப் பிடித்தால் எண்ணிக்கை குறையும். ஓரிணை எஞ்சினாலும் மீண்டும் பெருகும். எனவேதான், வராமல் தடுத்தல், வந்தால் விரைந்து கண்டறிதல், சிலவாக இருக்கும்போதே நீக்குதல், நீக்கிய பின்னும் தொடர்ந்து கண்காணித்தல் என்னும் வரிசையை அறிஞர்கள் வலியுறுத்துகின்றனர். இந்தியாவிலும், 2022ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் அயல் ஊடுருவல் உயிரினங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை நடுவணரசுக்கு வழங்கியுள்ளது.

ஒருபுறம் மட்டும் திறக்கும் கதவு

கொல்லிமலைக்கு இயற்கை ஓர் அரணை அளித்துள்ளது. காவிரியிலிருந்து ஐயாற்றின் வழியே எதிர்நீந்தி வரும் திலேப்பியாவோ ஆப்பிரிக்கக் கெளுத்தியோ ஆகாய கங்கையின் அடியில் நின்றுவிடும். 300 அடி செங்குத்தாக வீழும் நீரை அவற்றால் ஏற இயலாது. கீழே சமவெளியில் என்ன நேர்ந்தாலும், மேலேயுள்ள ஓடைகளுக்கு அருவி ஒரு கதவாக நின்று காவல் புரிகிறது.

ஆனால், அக்கதவு ஒருபுறம் மட்டுமே திறக்கும். மேலேயுள்ள ஓடையில் விடப்படும் மீன், அருவியோடு இறங்கிப் புளியஞ்சோலையையும் அதற்கு அப்பாலுள்ள நீர்நிலைகளையும் அடையலாம். கீழிருந்து மேலே செல்ல அயல் மீனுக்கு உள்ள வழி ஒன்றே. அது 70 வளைவுகளில் ஏறிவரும் மனிதரின் கை. தொட்டியில் சலித்துப்போன அழகு மீன், குட்டையில் வளர்க்க வாங்கிய குஞ்சு, நேர்த்திக்கடனாக ஆற்றில் விடும் மீன் எனப் பல வடிவங்களில் அக்கை நீளலாம்.

அருவியால் தடுக்க இயலாததைத் தடுக்க வேண்டிய பொறுப்பு மக்களுடையது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சி அளவில் உருவாக்கப்படும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில், தம் ஓடையில் வாழும் மீன்களை ஊரார் பதிவு செய்யலாம். இருப்பது எது என்று அறிந்த ஊருக்கே புதிதாக வந்தது எது என்று தெரியும். மீனைக் கொல்லாமல் காக்கும் மரபை உடையது கொல்லிமலை. அதனோடு, அயல் மீனை விடாமல் காக்கும் அறிவும் சேருமானால் அம்மரபு நிறைவுபெறும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் நீர்நிலையில் காணப்படும் மீன்களின் பெயர்களை மீனவரிடமும் முதியோரிடமும் கேட்டுத் தொகுக்க. அவற்றுள் நாட்டு மீன்கள் எவை, அயல் மீன்கள் எவை என வகைப்படுத்துக.

2. 'பிழை, கொண்டுவந்த கைகளினுடையது' என்னும் கருத்தை மையமாகக் கொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. அழகு மீன்களை நீர்நிலைகளில் விடக்கூடாது என்பதை வலியுறுத்தி, கோயில் குளத்தருகே வைக்கத்தக்க அறிவிப்புப் பலகைக்கான வாசகம் ஒன்றை எழுதுக.