காரின் சன்ரூஃப் மூடும்போது தடையை உணரும் முறை

சன்ரூஃப் என்பது காரின் மேற்கூரையில் பொருத்தப்படும், திறந்து மூடக்கூடிய கண்ணாடிப் பலகை ஆகும். இன்றைய கார்களில் பெரும்பாலும் மின்மோட்டாரே இதை நகர்த்துகிறது. மூடிவரும் பலகைக்கும் கூரை விளிம்புக்கும் நடுவே கையோ தலையோ அகப்பட்டால் பலகை நின்று பின்வாங்க வேண்டும். இதற்கான ஏற்பாட்டை ‘ஆன்டி பின்ச்’ என்பார்கள். தமிழில் நசுக்கல் தடுப்பு எனலாம்.

பொதுவாகக் காணப்படும் நசுக்கல் தடுப்பு அமைப்பு எதையும் பார்ப்பதில்லை. பலகை ஒன்றின்மீது முட்டி, மோட்டார் திணறத் தொடங்கிய பிறகே அதற்குத் தடை தெரியவருகிறது. கிணற்றில் நீர் இறைப்பவர் வாளி சுவரில் சிக்கியதைக் குனிந்து பார்க்காமலே கயிற்றின் இழுவையால் அறிவதைப் போன்றது இது. தொடுவதற்கு முன்பே உணரும் அமைப்புகளும் உண்டு. ஆனால் அவை அரிது.

மோட்டார் தரும் தகவல்

சிறிய நேர்மின்னோட்ட மோட்டார் ஒன்று, திருகுப் பல்லிணை வழியாக, பல் வெட்டிய இரண்டு வடங்களை நகர்த்துகிறது. அவை பலகையை இருபுறத் தண்டவாளங்களின் மேல் இழுத்துச் செல்கின்றன. திருகுப் பல்லிணையை மோட்டார் பக்கமிருந்து எளிதில் சுழற்றலாம். பலகையைக் கையால் தள்ளி மோட்டாரைச் சுழற்றுவது இயலாது. மின்சாரம் நின்றாலும் பலகை இருந்த இடத்திலேயே நிற்பது இதனால்தான். அகப்பட்ட கையை விடுவிக்கப் பலகையைப் பிடித்துத் தள்ளிப் பயனில்லை, மோட்டாரே பின்னோக்கிச் சுழல வேண்டும் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

மோட்டாரின் அச்சில் ஒரு வளையக் காந்தமும் அதனருகே ஹால் உணரிகளும் இருக்கும். காந்தத்தின் துருவங்கள் மாறி மாறிக் கடக்கும்போது உணரிகள் மின்துடிப்புகளை அனுப்புகின்றன. துடிப்புகளை எண்ணினால் பலகை எங்கே இருக்கிறது என்று தெரியும். இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் வேகத்தைச் சொல்லும். பலகை முட்டினால் வேகம் குறைந்து அந்த இடைவெளி நீள்கிறது. சில அமைப்புகள் மின்னோட்டத்தையும் கவனிக்கின்றன. வேகம் குறையும்போது மோட்டாரில் தோன்றும் எதிர் மின்னியக்கு விசையும் குறைவதால் மின்னோட்டம் உயர்கிறது. மேல்நிலை வகுப்பு இயற்பியலில் வரும் அதே விளைவுதான்.

சிக்கல் என்னவென்றால், வேகம் குறைவதெல்லாம் தடை ஆகிவிடாது. தண்டவாளத்தில் தூசி படிந்தாலும், குளிரில் ரப்பர் இறுகினாலும், வேகமாக ஓடும் காரில் காற்று பலகையை அழுத்தினாலும் மோட்டார் திணறும். எனவே வழக்கமான ஓட்டத்தில் ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு உராய்வு இருக்கும் என்பதைக் கட்டுப்பாட்டு அலகு நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் எழும் எதிர்ப்பையே தடையாகக் கொள்கிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில கார்களில் இந்த நினைவு அழிந்துவிடும். கையேட்டில் சொல்லியபடி பலகையை முழுமையாகத் திறந்து மூடி மறுபடி பழக்கும்வரை, அத்தகைய கார்களில் நசுக்கல் தடுப்பு வேலை செய்யும் என்று நம்பக் கூடாது.

100 நியூட்டன்

அழுத்தும் விசை எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு விதிகள் உள்ளன. அமெரிக்காவின் மோட்டார் வாகனப் பாதுகாப்புத் தரம் 118, ஐக்கிய நாடுகளின் ஒழுங்குவிதி 21 ஆகிய இரண்டும் 100 நியூட்டனையே எல்லையாகக் கொள்கின்றன. இது ஏறக்குறைய 10 கிலோ எடைக்குச் சமம். 4 மி.மீ. முதல் 200 மி.மீ. வரையிலான இடைவெளியில் சோதனைத் தண்டை வைத்து இதை அளக்கிறார்கள். பலகை பின்வாங்க வேண்டிய தூரத்தில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. பலகை திரும்பிய இடத்திலிருந்து குறைந்தது 125 மி.மீ. திறக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி ஏற்கும் வழிகளில் ஒன்று, ஐ.நா. விதியில் அது 50 மி.மீ. மூடத் தொடங்கிய நிலைக்கே திரும்புவதையும் இரு விதிகளும் ஏற்கின்றன.

சோதனைத் தண்டின் விறைப்பு கவனிக்கத்தக்கது. ஐ.நா. விதியில் அது மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன். அதாவது தண்டு 10 மி.மீ. அமுங்கும்போதுதான் 100 நியூட்டன் எட்டப்படும். பலகை நொடிக்கு 100 மி.மீ. நகர்கிறது எனக் கொண்டால், உணர்ந்து நிற்க 0.1 நொடி கிடைக்கிறது. அமெரிக்க விதியோ 25 மி.மீ. வரையிலான தண்டுகளுக்கு மில்லிமீட்டருக்குக் குறைந்தது 65 நியூட்டன் விறைப்பைக் கேட்கிறது. அங்கே 1.5 மி.மீ. அமுங்குவதற்குள், 0.015 நொடியில், எல்லை வந்துவிடும். சதைப்பிடிப்பான கையைவிட எலும்பு புடைத்த விரல் கணுவைக் காப்பது கடினமாவதும் இந்தக் கணக்கினால்தான்.

பாதுகாப்பு எட்டாத இடங்கள்

பலகை மூடி முடியும் இடத்தில் அது ரப்பர் விளிம்பை அழுத்தியே ஆக வேண்டும். இல்லையேல் மழைநீர் இறங்கும். அந்த அழுத்தத்தையும் தடையென்று எண்ணினால் சன்ரூஃப் ஒருநாளும் மூடாது. ஆகவே கடைசி 4 மி.மீ. விதிகளின் எல்லைக்கு வெளியே விடப்பட்டுள்ளது. துப்பட்டாவின் நுனி, தலைமுடி, கழுத்துக் கயிறு போன்றவை இந்த இடைவெளியில் சிக்கலாம்.

சில கார்களில், பலகை திரும்பத் திரும்பப் பின்வாங்கினால், பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்து அதை மூடலாம். இலையோ பனிக்கட்டியோ அடைத்துக்கொண்ட நேரத்துக்கான வசதி இது. அப்போது நசுக்கல் தடுப்பு விலக்கப்படுவதால், பிடிக்கும் முன் திறப்பைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அமெரிக்க விதியில் இன்னொரு விலக்கும் உண்டு. சாவி இயங்கு நிலையில் இருக்கும்போது மட்டும் மூடும் சன்ரூஃபுக்குத் தானே பின்வாங்கும் வசதி கட்டாயமில்லை. பொறுப்பான ஒருவர் காருக்குள் இருந்து பார்த்துக்கொள்வார் என்பதே இதற்கு அடிப்படை. தொலைவிலிருந்து ரிமோட்டின் பொத்தானை அழுத்திப் பிடித்து மூடுவதற்கும் இதே விலக்கு உண்டு. ஆனால் அந்த ரிமோட் 6 மீட்டருக்கு அப்பாலிருந்து இயங்கக் கூடாது. காரை மறைக்கும் பொருள் குறுக்கே இருந்தால் இயங்காத ரிமோட் என்றால் 11 மீட்டர் வரை அனுமதி. சாவியை அணைத்த பிறகும், முன்கதவு திறக்கப்படும்வரை சன்ரூஃப் மூடுவதை விதி அனுமதிக்கிறது. பல கார்கள் இவ்வாறே அமைக்கப்பட்டிருப்பதால், எஞ்சின் நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்து, திறப்பில் தலையை நீட்டி நிற்கும் குழந்தைக்கு ஆபத்து இல்லை என்று கருத முடியாது.