அஞ்சல் எண்ணும் அங்காடியும்

முகவரியில் திருமயிலை என்று ஒருவர் எழுதுவார்; மயிலை என்பார் மற்றொருவர்; மயிலாப்பூர் என்பார் வேறொருவர். மூன்றும் ஓர் ஊரே என்பதைச் சென்னையில் வாழ்வோர் அறிவர். கணிப்பொறியோ அவற்றை மூன்று ஊர்களாகவே கொள்ளும். அம்மயக்கத்தைத் தீர்ப்பது 600004 என்னும் அஞ்சல் குறியீட்டு எண்ணாகும்.

அஞ்சல்துறை அலுவலரும் வடமொழிப் புலவருமாகிய ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த இம்முறை, 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆறு இலக்கங்களுள் முதலாவது மண்டலத்தையும், இறுதி மூன்றும் அஞ்சலகத்தையும் சுட்டும். 017 என முடிவது தியாகராயநகர். 020 என முடிவது அடையாறு.

கடிதங்களைப் பிரிக்க எழுந்த இவ்வெண், இன்று மாந்தரைப் பிரிக்கவும் பயன்படுகின்றது. தியாகராயநகர்த் துணிக்கடை ஒன்று அடையாற்றில் கிளை திறப்பதாகக் கொள்வோம். பொருளை வீட்டிற்கு அனுப்புதற்பொருட்டு முன்னர்ப் பெற்ற முகவரிகள் அங்கே ஆயிரக்கணக்கில் உள்ளன. கணிப்பொறி அவற்றை எண்வாரியாக நொடியில் வகுத்து, 020 உடையார்க்கு மட்டும் செய்தி விடுக்கும். கைப்பேசி எண் இதற்குத் துணையாகாது. 2015 முதல் அதனை மாற்றாமலே நாட்டின் எப்பகுதிக்கும் கொண்டு செல்லலாமன்றோ?

ஆயினும், மாளிகையில் வாழ்வாரும் சிற்றில்லத்தில் வாழ்வாரும் ஓரெண்ணினராதல் உண்டு. எண்ணைக் கண்டே ஒருவரைச் செல்வர் எனத் துணிதல் பிழைபடும். பொருள் வந்து சேர்தற்குக் கொடுத்த முகவரியை விளம்பரத்திற்கு எடுத்தாளுதலும் முறையன்று. இசைவு பெற்ற நோக்கத்திற்கே அத்தகைய விவரங்களைக் கையாளுதல் வேண்டும் என்பது, 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொதுவிதி. தந்த இசைவைத் திரும்பப் பெறவும் அச்சட்டம் இடமளிக்கின்றது.