கொல்கத்தாவிலிருந்து வுடாங் மலை: தூரம், பணம், பயிற்சி மணி

கொல்கத்தாவிலிருந்து கன்னியாகுமரிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். அதே கொல்கத்தாவிலிருந்து சீனாவின் ஹூபெய் மாகாணத்து வுடாங் மலைக்கு ஏறத்தாழ 2,450. வித்தியாசம் 450 கிலோமீட்டர்தான். தாவோ துறவிகளின் புனித மலை, தைச்சியும் வாள்வித்தையும் பிறந்ததாகச் சீனர்கள் போற்றும் மலை, இந்தியப் பெருநிலத்தின் தென்முனையைவிடச் சற்றே அதிகத் தொலைவில் இருக்கிறது. இத்தனை அருகில் இருக்கும் மலைக்குப் போய்ப் பயில என்ன ஆகும்? ஒவ்வொரு பற்றாக எழுதிப் பார்ப்போம்.

வழிக் கணக்கு

2020 தொடக்கத்தில் நின்றுபோன இந்திய-சீன நேரடி விமானம் மீண்டும் பறந்தது 2025 அக்டோபர் 26 அன்று. முதல் வழித்தடம் கொல்கத்தா-குவாங்சோ. வான்வழி ஏறத்தாழ 2,550 கிலோமீட்டர், பயணம் சுமார் 4 மணி நேரம். சீனக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னால் ஓடினாலும், இரவில் கிளம்பினால் விடியும் முன்பே இறங்கிவிடலாம்.

அங்கிருந்து ரயில். குவாங்சோ-வூஹான் அதிவேகப் பாதை 968 கிலோமீட்டர், 2009 டிசம்பரில் திறந்தது. வூஹானிலிருந்து ஷியான் நகர் வரை 399 கிலோமீட்டர், 2019 நவம்பர் 29 அன்று திறந்தது. இந்த இரண்டாவது பாதையில்தான் வுடாங்ஷான் மேற்கு நிலையம். விமானமும் ரயிலும் சேர்ந்து ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர். முதல்நாள் இரவு கொல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்தில் ஏறியவர் மறுநாள் மாலைக்குள் மலையடிவாரத்தில் இருக்கலாம்.

விசாவும் முன்போல் மலைப்பான காரியமில்லை. 2025 ஜனவரி 1 முதல் ஏப்ரல் 9 வரை மட்டும் இந்தியர்களுக்கு 85,000-க்கும் மேற்பட்ட விசா வழங்கியதாகச் சீனத் தூதர் அறிவித்தார்.

பணக் கணக்கு

ஒரு யுவானுக்கு 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குவாங்சோ-வூஹான் ரயிலின் இரண்டாம் வகுப்புக் கட்டணம் பல ஆண்டுகள் 463.5 யுவானாக இருந்தது. அதாவது 5,562 ரூபாய். 2024 ஜூனிலிருந்து ரயிலுக்கு ரயில் கட்டணம் மாறுகிறது. மலை நுழைவுச் சீட்டும் உள்ளே ஓடும் பேருந்தும் சேர்ந்து 200 யுவானைத் தாண்டும்: 2,400 ரூபாய்க்கு மேல். உச்சிக்குக் கம்பிவட ஊர்தி ஏற 90 யுவான், இறங்க 80. இரண்டும் சேர்த்து 2,040 ரூபாய். உச்சியில் உள்ள பொன் மண்டபத்துக்கும் இடைமலையில் உள்ள ஊதாமுகில் அரண்மனைக்கும் தனித்தனிச் சீட்டு.

இவையெல்லாம் ஒருமுறைச் செலவு. சேமித்தால் சேர்ந்துவிடும். பயிற்சிக்குப் போகிறவருக்குப் பெரிய செலவு விடுப்புதான். அதற்கு முன், மலை எதைச் செலவழித்து நிற்கிறது என்று பார்த்துவிடலாம்.

மலையின் கணக்கு

உச்சிச் சிகரமான தியான்சூவின் உயரம் 1,612 மீட்டர். சுற்றிலும் 72 சிகரங்கள் என்பது மரபுக் கணக்கு. 1412-இல் மிங் பேரரசர் யோங்லே இங்கே கட்டுமானத்தைத் தொடங்கினார். வேலை செய்தவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். அந்நாளில் 9 அரண்மனைகள், 9 மடங்கள், 36 பெண்துறவியர் மடங்கள், 72 கோயில்கள் இருந்தன. 1994-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது எஞ்சியிருந்தவை 53 பழங்கட்டடங்களும் 9 கட்டடத் தலங்களும்.

1416-ஆம் ஆண்டுப் பொன் மண்டபத்தைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். உயரம் 5.54 மீட்டர், அகலம் 4.4, ஆழம் 3.15. அகலத்தையும் ஆழத்தையும் பெருக்கினால் ஏறத்தாழ 150 சதுர அடி. தென் கொல்கத்தா வாடகை வீட்டின் ஒரு படுக்கையறை அளவு. தூண், உத்தரம், ஓடு எல்லாம் மரவேலைப் பாணியில் தெரியும். தொட்டால் வெண்கலம், மேலே பொன்முலாம். பெய்ஜிங்கில் பகுதி பகுதியாக வார்த்து, கால்வாயிலும் ஆற்றிலும் படகேற்றி, கடைசியில் மனிதர்கள் தூக்கி உச்சி சேர்த்தார்கள். நான்யான் அரண்மனை ஏறத்தாழ 960 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு நடந்தால் 650 மீட்டர் உயரம் ஏறவேண்டும். நடுவே இறங்கி ஏறும் படிகள் வேறு. இளைஞருக்கே சுமார் 3 மணி நேரம். பயில வருபவர் போகும்போதாவது கம்பிவட ஊர்தியை விட்டு நடக்க வேண்டும். மலையின் முதல் பாடம் அந்தப் படிகளில் தொடங்குகிறது.

செலவுப் பக்கத்தில் ஒரு வருத்தமான பதிவும் உண்டு. தைச்சியைத் தோற்றுவித்தவராக மரபு சொல்லும் சாங் சான்ஃபெங்கைப் போற்றி எழுந்த யூஜென் அரண்மனையின் முதன்மை மண்டபம் 2003 ஜனவரியில் எரிந்து சாம்பலானது. அப்போது அந்த இடம் தற்காப்புக்கலைப் பள்ளி ஒன்றின் பயன்பாட்டில் இருந்தது. தவறாகப் போட்ட மின்விளக்கு இணைப்பிலிருந்து தீ பிடித்தது. ஏறத்தாழ 590 ஆண்டு நின்ற மரம் ஒரு மாலையில் போயிற்று. பின்னர் அருகிலுள்ள டான்ஜியாங்கோ அணையை 162 மீட்டரிலிருந்து 176.6 மீட்டருக்கு உயர்த்தியபோது, நீரில் மூழ்காமலிருக்க அதே அரண்மனையின் வாயில்களை அப்படியே 15 மீட்டர் மேலே தூக்கி நிறுத்தினார்கள். அந்தத் தீயில், பயில வரும் கூட்டத்துக்காக மலையும் விலை கொடுத்திருக்கிறது என்பதைப் போகிறவர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

மணிக் கணக்கு

இரண்டு வாரம் விடுப்பு எடுத்தால் ஓய்வு நாள் போக 12 பயிற்சி நாள். நாளைக்கு 5 மணி என்று வைத்தால் 60 மணி. மலையடிவாரப் பள்ளிகள் சிலவற்றில் 5 ஆண்டுப் பாடத்திட்டம் உண்டு. வாரம் 6 நாள், ஆண்டுக்கு 50 வாரம், அதே 5 மணி என்றால் 7,500 மணி. நம் 60 மணி அதில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, 0.8 சதவீதம்.

அந்த 60 மணியிலும் முதல் பகுதி நிற்பதிலேயே போகும். குதிரை நிலை என்பது பாதங்களை இரண்டு தோள் அகலத்துக்கு விரித்து, தொடை தரைக்கு இணையாகும்வரை இறங்கி, முதுகை நிமிர்த்தி அசையாமல் நிற்பது. பழகாதவருக்கு அரை நிமிடத்தில் தொடை நடுங்கும், ஒரு நிமிடத்தில் மூச்சு நெஞ்சுக்கு ஏறும். ஆசான் வந்து, பின்னால் துருத்திய இடுப்பைக் கையால் உள்ளே தள்ளிவிட்டு அடுத்தவரிடம் போவார். இதற்கு விமானச் சீட்டு தேவையில்லை. கொல்கத்தாவில் நின்றாலும் அதே தொடைதான், அதே நடுக்கம்தான்.

வீட்டுக் கணக்கைப் பாருங்கள். நாளைக்கு அரை மணி, ஆண்டுக்கு 182 மணி. 1956-இல் சீனாவில் தொகுக்கப்பட்ட 24 நிலைத் தைச்சியை ஒருமுறை செய்ய ஏறத்தாழ 6 நிமிடம். அரை மணியில் 5 முறை, ஆண்டில் 1,825 முறை. இது வுடாங்கின் சொந்தப் பாடமில்லை. ஆனால் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றக் கற்றுக்கொள்ள இது போதும். தென் கொல்கத்தாவின் ரவீந்திர சரோவர் ஏரியின் நீர்ப்பரப்பு மட்டுமே 73 ஏக்கர்; கரையில் நான்கு அடி இடம் கிடைக்காமலா போகும்? அடித்தளம் போட்டவர் மலைக்குப் போனால் அந்த 60 மணியும் திருத்தத்துக்குப் போகும். போடாதவர் போனால் கால்வலிக்குப் போகும்.

வங்கத்தின் கணக்கு

ஆசானைத் தேடி நாம் போவது ஒரு வழி. ஆசானை இங்கே அழைப்பது இன்னொரு வழி. தாகூர் 1905-இல் ஜப்பானிலிருந்து சானோ ஜின்னோசுகேயைச் சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். 1929-இல் ஷின்சோ தகாகாகியை. இருவரும் அங்கே ஜூடோ சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு மாணவன் கடல் தாண்டுவதற்குப் பதில் ஓர் ஆசான் தாண்டினால் ஒரு பள்ளியே பயிலும் என்ற கணக்கு அவருடையது.

தாவோ தெய்வங்களும் இங்கே எப்போதோ வந்துவிட்டார்கள். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் டோங் அச்யூ என்ற சீன வணிகர் கொல்கத்தாவுக்குத் தெற்கே, பட்ஜ் பட்ஜ் அருகே 650 பிகா நிலம் பெற்றார். ஆண்டுக் குத்தகை 45 ரூபாய். பிகாவுக்கு ஓரணாவுக்குச் சற்று மேல். அங்கே சர்க்கரை ஆலை வைத்தார், 1783-இல் காலமானார். அவர் பெயரால் அந்த ஊர் அச்சிப்பூர். நகரிலிருந்து 33 கிலோமீட்டர்தான். ஹூக்ளிக் கரையில் குதிரைலாட வடிவில் சிவப்புச் சாந்து பூசிய அவர் சமாதியும், சற்றுத் தள்ளி நிலதெய்வத் தம்பதியின் சிறு கோயிலும் இருக்கின்றன. உள்ளூர் மக்கள் அந்தத் தெய்வங்களை ‘குதா-குதி’ என்கிறார்கள். சீனப் புத்தாண்டை ஒட்டிக் கொல்கத்தாச் சீனர்கள் குடும்பம் குடும்பமாக வந்து ஊதுபத்தி ஏற்றுகிறார்கள்.

அந்தக் குடும்பங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. ஒருகாலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் இருந்த சமூகம் இன்று 2,000 அளவில் நிற்கிறது. 1962 இந்திய-சீனப் போரை ஒட்டிச் சுமார் 3,000 இந்தியச் சீனர்கள் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். பலர் திரும்பியபோது கடையும் வீடும் கைமாறியிருந்தன. கொல்கத்தாச் சீனர்களின் பழைய பகுதியான திரெட்டா பஜாரின் சீ இப் கோயில் 1905-ஆம் ஆண்டுக் கட்டடம். அங்கே சந்நிதிக்கு முன் ஈட்டியும் கோடரியும் வரிசையாக நிற்கின்றன. சீன வீரக்கலைமேல் உண்மையான பற்று உள்ளவர்கள், அந்தக் கலையைப் பண்பாடாகச் சுமந்துவந்த பக்கத்துத் தெருக்காரரை முதலில் அறிந்துகொள்வதுதான் முறை. இந்த வரவை எழுதாமல் வெளியூர்ச் செலவை மட்டும் எழுதினால் கணக்கு நேராகாது.

மொத்தம்

வுடாங் போக வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது. வாழ்வில் ஒருமுறை அந்தப் படிகளில் ஏறத்தான் வேண்டும். வரிசைதான் முக்கியம். முதல் ஆண்டு, நாளைக்கு அரை மணி, மொத்தம் 182 மணி, செலவு சுழியம். அதற்குள் ஒரு ஞாயிறு அச்சிப்பூர், ஒரு காலை திரெட்டா பஜார். ஆண்டு முடிவில் குதிரை நிலையில் 3 நிமிடம் நடுங்காமல் நிற்க முடிந்தால் விசாவுக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு வாரத்துக்குப் பதில் ஒரு மாதம் விடுப்புக் கேளுங்கள். நிற்க முடியாவிட்டால் பணத்தை வங்கியில் விட்டுவிட்டு இன்னும் ஆறு மாதம் பயிலுங்கள்.