மூச்சும் உழைப்பும்

பந்தலில் திராட்சை பழுத்திருக்கையில் திரளும் மழைமேகம் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயியின் உறக்கத்தைக் கெடுக்கிறது. தவணைக்குள் முடிய வேண்டிய சேலை சக்கம்பட்டி நெசவாளரின் மனத்தை அழுத்துகிறது. இக்கவலைகளுக்கு மூச்சுப் பயிற்சி துணையாகுமா?

வேகமூச்சு வேறு, மெதுமூச்சு வேறு. வேகமூச்சிலும் குளிர் தாங்குவதிலும் பழகிய 12 பேரை நெதர்லாந்து மருத்துவர்கள் நுண்ணுயிர் நஞ்சு செலுத்திச் சோதித்து, முடிவை 2014இல் வெளியிட்டனர். பழகியோர் உடலில் அட்ரினலின் மிகுந்தது. பழகாதோரைவிட அழற்சி குறைந்தது. ஆயினும் நோயே வராது என்பதற்கு இது அத்தாட்சியன்று. வேகமூச்சு மயக்கம் தரக்கூடும். ஆற்றிலும் கிணற்றிலும் அதனைச் செய்தலாகாது.

மெதுமூச்சோ எளிது. மூக்கால் இருமுறை இழுத்து, வாயால் நீளமாக விடவேண்டும். நாள்தோறும் 5 நிமிடமாக ஒரு மாதம் இதனைச் செய்தோரின் மனநிலை மேம்பட்டதாக, 2023இல் வெளிவந்த அமெரிக்க ஸ்டான்போர்டு ஆய்வு கூறுகிறது.

மிதமான தேகப்பயிற்சி நோய் எதிர்ப்புச் சக்திக்கு நன்று. உறக்கமின்றி நீளும் உழைப்பு அதனைத் தளர்த்தும். எனவே தறியில் அமர்ந்திருப்பவருக்கு மாலை நடையும், நாளெல்லாம் தோட்டத்தில் பாடுபடுபவருக்கு ஓய்வும் வேண்டும்.

உறுப்பினர்களே! இருமல் இரண்டு வாரம் நீடித்தால் மூச்சுப் பயிற்சியை நம்பியிராமல், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.